லேபிள் இல்லாத டப்பா

மோதிரம் வெளுத்திருந்தது.

முதலில் சோப்பு நுரை என்றுதான் அவள் நினைத்தாள். காலையில் குளியலறைக் குழாயடியில் கையைக் கழுவும்போது பார்த்தால், விரலில் இருந்த தங்க மோதிரத்தின் உள்ளங்கைப் பக்கம் மட்டும் சாம்பல் பூத்த மாதிரி வெள்ளையாக இருந்தது. நகத்தால் சுரண்டினாள். பற்பசை போட்டுத் தேய்த்தாள். துண்டால் அழுத்தி அழுத்தித் துடைத்தாள். மேல் பக்கம் பழைய மஞ்சள் அப்படியே இருக்க, கீழ்ப் பக்கம் மட்டும் யாரோ வேறு உலோகத்தில் வார்த்து ஒட்டியது போலிருந்தது. ஒரு மாதமாக வாயைவிட்டுப் போகாத அந்த ருசி, சில்லறைக் காசை நாக்குக்கு அடியில் அடக்கி வைத்த மாதிரியான ருசி, அன்று தொண்டை வரைக்கும் இறங்கியது.

இதில் விசித்திரம் என்னவென்றால், வேலை செய்யும்போது அவள் மோதிரமே போடுவதில்லை.

வாடகை வீட்டின் முன்னறைதான் பார்லர். ஒரு சுழல் நாற்காலி, சுவரை அடைத்த ஒரு கண்ணாடி, எட்டு வருஷமாகப் பல்லைக் காட்டிக்கொண்டே நிற்கும் ஒரு மாடல் பெண்ணின் படம், அவ்வளவுதான். தெருவில் இன்னும் மூன்று பார்லர்கள் ஏசியோடும் பாட்டோடும் காற்று வாங்கிக்கொண்டிருக்க, கூட்டம் என்னவோ இங்கேதான். ஏன் என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்வார்கள்: அக்காவுக்குக் கைராசி. மற்ற இடங்களில் கையுறை, பிரஷ், மரக்குச்சி. இங்கே வெறும் கை. கிரீமை உள்ளங்கையில் எடுத்து, இரண்டு கையாலும் குழைத்து, சூடு ஏறியதும் முகத்தில் வைத்து அழுத்துவாள். ஒருமுறை கையுறை போட்டுப் பார்த்தாள். வழக்கமாக வரும் டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

"என்னக்கா, என்னைத் தொடுறதுக்கு அருவருப்பா இருக்கா உங்களுக்கு?"

அன்றோடு கையுறை பரணுக்குப் போய்விட்டது.

கிரீம், மாதம் ஒருமுறை சப்ளையர் ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்கும் வெள்ளை பிளாஸ்டிக் டப்பா. அதில் லேபிள் கிடையாது. பெயர், ஊர், தேதி, ஒன்றும் கிடையாது. அவள்தான் அதைச் சின்னச் சின்ன டப்பாக்களில் அடைத்து, வீட்டுக்கு எடுத்துப் போகிறவர்களுக்குக் கொடுப்பாள். மூன்றே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆகிவிடும். அதில் என்ன கலந்திருக்கிறது என்று அவளும் கேட்டதில்லை, வருகிறவர்களும் கேட்டதில்லை. கால் கிலோ கத்தரிக்காயை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்து வாங்குகிற பெண்கள்தான் எல்லோரும். சப்ளையர் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தான். "பூசும்போது நகை எதுவும் வேணாம்க்கா. கழட்டி வெச்சிடச் சொல்லுங்க." கிரீம் நகை இடுக்கில் போய் அடைத்துக்கொள்ளும் என்பதற்காகச் சொல்கிறான் என்று நினைத்து, அதற்கென்றே ஒரு கண்ணாடிக் கிண்ணம் வாங்கி வைத்தாள். தோடு, சங்கிலி, தன் மோதிரம், எல்லாம் முதலில் அதற்குள் போய்விடும்.

வேலை முடிந்து, கையை இரண்டு முறை சோப்பு போட்டுக் கழுவிய பிறகுதான் மோதிரத்தைத் திரும்பப் போடுவாள். அப்படியானால் இது எங்கிருந்து வந்தது?

நகைப் பட்டறைப் பத்தர் மோதிரத்தைக் கையில் வாங்கவே இல்லை. குறடை நீட்டி, அதன் நுனியால் பிடித்து, விளக்குக்குக் கீழே ஒரு சுற்று சுற்றினார்.

"பாதரசத்துல கை வெச்சியாம்மா?"

"ஐயோ, நான் பார்லர் வெச்சிருக்கேன். எனக்கு எதுக்குப் பாதரசம்?"

"எதுக்குன்னு எனக்கென்ன தெரியும். இது பாதரசம் ஏறின தங்கம். முப்பது வருஷமா இதைத்தானே பார்க்கிறேன்."

"கழட்டி வெச்சிட்டுத்தான் வேலை செய்வேன். கையையும் நல்லா கழுவிடுவேன்."

பத்தர் மோதிரத்தை விட்டுவிட்டு அவளுடைய கையைப் பார்த்தார். மேசை மேல் வைத்திருந்த அவள் விரல்கள் தாமாகவே லேசாக ஆடிக்கொண்டிருந்தன. சரியாகத் தூங்காததால் வரும் நடுக்கம் என்று அவள் இத்தனை நாள் அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தாள்.

"அப்போ அது கழுவினாலும் போகாத இடத்துல இருக்கும்மா," என்றார் அவர். "உன் தோல்லேருந்துதான் மோதிரத்துக்கு வந்திருக்கு."

உருக்கினால் போய்விடும், ஆனால் அந்தப் புகையைத் தன் பட்டறையில் விடமாட்டேன் என்று சொல்லி, மோதிரத்தை ஒரு கண்ணாடிச் சீசாவில் போட்டு மூடிக் கொடுத்தார். அவள் படியிறங்கும்போது, அவர் குறடைத் துணியால் துடைக்கிற சத்தம் கேட்டது. தெருமுனை திரும்பும் வரை அது கேட்டுக்கொண்டே இருந்தது போலிருந்தது அவளுக்கு.

பயம் அவளுக்குத் தன்னைப் பற்றி வரவில்லை. வீட்டில் குட்டி இருந்தாள்.

குட்டிக்கு ஆறு வயது. அப்பாவின் நிறம். அப்பா லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் நாலு நாள்தான் வீட்டில் இருப்பார். மற்ற நாளெல்லாம் அம்மாவும் மகளும்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் குட்டி பார்லரின் மூலையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வாள். வருகிறவர்கள் அவளைப் பார்த்ததும் ஆளுக்கொரு தரம் சொல்வார்கள். "ஊருக்கெல்லாம் வெள்ளையடிக்கிற அக்கா, சொந்தப் பொண்ணை விட்டுட்டீங்களே!" எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். "அப்பன் கொடுத்த கலரு, அதுக்கு நான் என்ன பண்றது" என்று தன் பங்குக்கு ஒன்றைச் சொல்லியும் வைப்பாள். வாடிக்கைக்காரர்களோடு சேர்ந்து சிரிக்காமல் யாரால் தொழில் செய்ய முடியும்?

அந்தக் குட்டிதான் மூன்று வாரமாகச் சரியில்லை. உள்ளங்கையும் உள்ளங்காலும் ரோஜா நிறத்தில் சிவந்து, விரல் நுனியில் தோல் மெல்லிசாக உரிந்தது. தொட்டதற்கெல்லாம் அழுகை. நெற்றி எப்போதும் வேர்த்து, தலையணை ஈரமாகிவிடும். "கால் எரியுதும்மா" என்று எழுந்து குளிர்ந்த தரையில் போய்ப் படுத்துக்கொள்வாள். ஜன்னலைத் திறந்தால் கண் கூசுகிறது என்று மூடச் சொல்வாள். வாடிக்கையாக வரும் பேங்க் அம்மா அந்தக் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். "பாருங்களேன், ரோஸ் கலர் அடிக்குது! இவளுக்கும் நிறம் வருது அக்கா!" அன்றைக்கு அதற்கும் அவள் சிரித்தாள்.

இதே கையால்தான் சோறு ஊட்டினேன், இதே கையால்தான் தலை வாரினேன், கன்னத்தைத் தடவித் தூங்க வைத்தேன். வீட்டுக்குப் போய்ச் சேரும் வரை அவள் மனசில் இதுதான் ஓடியது. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டே நடந்தாள்.

அன்றே குட்டியைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டரம்மா கிரீமை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை, டப்பாவைப் பார்த்ததுமே முகம் மாறிவிட்டது. இருவருக்கும் சிறுநீர்ப் பரிசோதனைக்கு எழுதினார். முடிவு வர நாலு நாள் ஆகும், வந்ததும் போன் பண்ணுகிறேன் என்றார். "இன்னிக்கே நிறுத்துங்க. சாக்கடையில கொட்டாதீங்க, எரிக்கவும் கூடாது. மொத்தத்தையும் கவர்ல போட்டுக் கட்டி இங்கே கொண்டு வாங்க, என்ன பண்ணணும்னு நான் பார்க்கிறேன். இன்னொண்ணு, இதுல ஸ்டீராய்டும் கலந்திருப்பாங்க. திடீர்னு நிறுத்தினா, போட்டவங்க முகம் சும்மா இருக்காது. எல்லாரையும் என்கிட்ட அனுப்புங்க."

சப்ளையருக்குப் போன் செய்தாள். "ஊர் பூரா போடுறாங்கக்கா, யாராவது செத்தா போயிட்டாங்க?" என்றான். அதற்குப் பிறகு அந்த நம்பர் எடுக்கவே இல்லை.

பெரிய டப்பா ஒன்று, சின்ன டப்பாக்கள் இருபதுக்கு மேல். எல்லாவற்றையும் ஓர் அட்டைப் பெட்டிக்குள் அடுக்கி, ரிப்போர்ட் வாங்கப் போகும்போது கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்று கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். பார்லர் கதவில் ஒரு காகிதம் ஒட்டினாள். கிரீம் இனிமேல் கிடையாது, தயவுசெய்து டாக்டரைப் பாருங்கள்.

முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் போன்கள் வந்தன. எரியுது அக்கா. தூங்க முடியலை அக்கா. ஒரே ஒரு டப்பா அக்கா. அவள் ஒவ்வொருவரிடமும் உள்ளதை உள்ளபடி சொன்னாள். பாதரசம் என்றாள், விஷம் என்றாள், ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னாள். அந்தப் பக்கம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். ஒரே ஒரு டப்பா அக்கா.

மூன்றாம் நாள் டீச்சர் நேரிலேயே வந்தார். நல்ல வெயிலில் தலையிலிருந்து தாடை வரை துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். உள்ளே வந்து அதை அவிழ்த்ததும் அவள் ஓரடி பின்னால் போனாள். போன வாரம் வரை பால் நிறத்தில் இருந்த முகம் சிவந்து, வீங்கி, கண்ணோரத்தில் செதில் செதிலாக எழும்பியிருந்தது. வெள்ளை உரிந்த இடங்களில், பழைய நிறத்தைவிடவும் கறுப்பாக ஏதோ மேலே வந்துகொண்டிருந்தது.

"உங்ககிட்ட இருக்குன்னு எனக்குத் தெரியும்," என்றார் டீச்சர். கோபமே இல்லாமல் சொன்னார்.

"டீச்சர், அது விஷம். சொன்னேனே உங்களுக்கு."

"தெரியும். அதைத்தான் கேட்கிறேன்."

அதற்குப் பிறகு அவர் உட்காரவும் இல்லை, போகவும் இல்லை. கண்ணாடிக்கு முன்னால் நின்று தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மூலையில் ஸ்டூலில் இருந்த குட்டி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இருவரையும் பார்த்தாள், குட்டியை உள்ளே போகச் சொல்லிப் பின்னாலேயே போனாள். திரும்பி வந்தபோது டீச்சர் இல்லை. நாற்காலி மட்டும் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து முன்கதவைத் தாழ் போட்டே வைத்திருந்தாள்.

நாலாம் நாள் மதியம் மழைக்கு முந்திய புழுக்கம். மூன்றரை மணிக்கெல்லாம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது, கூடவே கரண்டும் போனது. மின்விசிறி தன் கடைசிச் சுற்றைக் கிறீச்சென்று முடித்துவிட்டு நின்றதும், அது வரைக்கும் கேட்காத சத்தமெல்லாம் வீட்டுக்குள் வந்தது. குழாய் சொட்டுகிற சத்தம். நடு அறையில் குட்டி புரண்டு படுக்கும் சத்தம். முன்பக்கம், வாசல் சிமெண்ட் தரையில் செருப்புகள் உரசுகிற சத்தம். ஒருவரின் செருப்பு அல்ல. வருவதும் போவதுமாகவும் இல்லை. நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைத்துக்கொள்கிறவர்களின் உரசல்.

ஜன்னல் திரையை விரல் அகலத்துக்கு விலக்கினாள். ஏழெட்டுப் பேர். எல்லோர் முகத்திலும் துணி. பேங்க் அம்மாவை அவருடைய கைப்பையை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. பக்கத்தில் கல்யாணப் பொண்ணு, பத்து நாளில் கல்யாணம், போன மாதம் முழுக்க இந்த நாற்காலியில்தான் இருந்தாள். யாரும் யாரோடும் பேசவில்லை. யாரும் கதவைத் தட்டவும் இல்லை. கரண்ட் போனால் வருவதற்குக் காத்திருப்பார்களே, அப்படி நின்றார்கள்.

தாழ் போட்டிருக்கிறதா என்று போய்ப் பார்த்தாள். போட்டிருந்தது. நடு அறைக்குள் எட்டிப் பார்த்தாள். குட்டி போர்வையைத் தலை வரை இழுத்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"கண்ணு, தூங்குறியா?"

"கிரீமையெல்லாம் நாளைக்குத் தூக்கிப் போட்டுடுவியாம்மா?"

"ஆமாண்டா. அது கெட்டது. டாக்டரம்மா சொன்னாங்க இல்ல?"

போர்வை மட்டும் உள்ளே ஏதோ தேய்ப்பது போல அசைந்தது. அவள் அறை வாசலோடு நின்றுகொண்டாள். மூன்று நாளாகக் குட்டியைத் தொடவே அவளுக்குக் கை வரவில்லை. தொடாமல் பிள்ளை வளர்ப்பது என்ன கொடுமை என்று அடுப்படியில் நின்று அழுதிருக்கிறாள்.

போன் அடித்தது. டாக்டரம்மா. வீட்டுக்குள் சிக்னல் விட்டு விட்டு வந்தது. பின்கட்டுக் கதவைத் திறந்துகொண்டு, துணி காயும் கொடிக்குக் கீழே போய் நின்றாள். முதல் தூறல் விழ ஆரம்பித்திருந்தது.

"உங்க ரிப்போர்ட் வந்துடுச்சு. உங்களுக்கு அதிகமாத்தான் இருக்கு, ஆனா சரி பண்ணிடலாம். பயப்படாதீங்க."

"குட்டிக்கு?"

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம்.

"நான் ஒண்ணு கேட்கிறேன், மறைக்காம சொல்லணும். குழந்தைக்குப் பூசுனீங்களா?"

"சத்தியமா இல்லை டாக்டர். என் கையில இருந்ததுதான் போயிருக்கும்."

"கையில இருந்து போறது இவ்வளவு வராது. எட்டு வருஷமா அதுலயே வேலை செய்யறீங்க, உங்களைவிட அவளுக்கு நாலு மடங்கு இருக்கு. யாரோ தினமும் பூசியிருக்காங்க. உடம்பு பூரா. உடனே கூட்டிட்டு வாங்க, அட்மிட் பண்ணணும்."

யாரோ. வீட்டில் இருப்பதே இரண்டு பேர்.

போனை வைக்கவில்லை. கையில் பிடித்தபடியே உள்ளே ஓடினாள். தன் அறை. கட்டில். குனிந்து அட்டைப் பெட்டியை இழுத்தாள். இழுத்த வேகத்துக்குப் பெட்டி பறந்து வந்து முழங்காலில் மோதியது. கனமே இல்லை.

மேலே இருந்த சின்ன டப்பாவைத் திறந்தாள். காலி. அடுத்தது. காலி. அதற்கடுத்தது. ஒவ்வொன்றும் மூடி திருகி, ஒழுங்காக, எடுத்தது தெரியாத மாதிரி அடுக்கப்பட்டிருந்தது. உள்ளே சுவரோரமாக வழித்து எடுத்த தடம். விரல் தடம். அவள் சுண்டுவிரலைவிடச் சின்ன விரல்.

எத்தனை நாளாக? ஸ்டூலில் உட்கார்ந்து, எல்லோரும் சிரிக்கச் சிரிக்கக் கேட்டுக்கொண்டிருந்தாளே, அத்தனை நாளாகவா? அவளுடைய சிரிப்பையும் சேர்த்துத்தானே கேட்டாள். அப்படியானால் மோதிரம் வெளுத்ததும் அவள் கையால் அல்ல, தூங்க வைக்கத் தடவிய குட்டியின் கன்னத்தால்.

பெரிய டப்பா பெட்டியில் இல்லை.

"குட்டி!"

நடு அறை. போர்வையை உருவினாள். தலையணைதான் இருந்தது.

தரையில் வெள்ளையாக ஒரு சொட்டு. எட்டு அங்குலம் தள்ளி இன்னொன்று. அப்புறம் சின்னப் பாதத்தின் தடம், ஐந்து விரலும் தெளிவாக. தடம் முன்னறைப் பக்கம் போனது.

முன்னறையிலிருந்து மழைச் சத்தம் கேட்டது. கதவு மூடியிருந்தால் இவ்வளவு கேட்காது.

கூடவே வேறொரு சத்தம். மெல்லியது. ஈரமானது. அவளுக்கு நன்றாகத் தெரிந்த சத்தம்தான். எட்டு வருஷமாகத் தினமும் அவள் கைகள் எழுப்பிய சத்தம். தோலில் கிரீமைக் குழைக்கும் சத்தம்.

கதவுத் திரையை விலக்கினாள்.

வாசல் கதவு அகலத் திறந்திருந்தது. தாழுக்கு நேர் கீழே குட்டியின் ஸ்டூல். உள்ளே எல்லோரும் இருந்தார்கள். நனைந்த துணிகளை முகத்திலிருந்து அவிழ்த்துத் தோளில் போட்டிருந்தார்கள். கரண்ட் இல்லாத அந்த அரையிருட்டில் சுழல் நாற்காலியைச் சுற்றி வட்டமாக நின்றிருந்தார்கள். அவள் வந்ததை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நாற்காலியில் குட்டி. உடம்பில் ஒரு பொட்டுக் கறுப்பு இல்லை. உச்சந்தலை முடி, காது மடல், கழுத்து, விரலிடுக்கு, கண் இமை, உதடு, எல்லாம் வெள்ளை. கால் விரல் நுனியிலிருந்து கொழகொழவென்று சொட்டியது. காலியான பெரிய டப்பா மடியில் இருந்தது.

"அம்மா!" கண்ணாடியில் அம்மாவைப் பார்த்துவிட்டாள். "நீ தூக்கிப் போடுறதுக்குள்ள எல்லாத்தையும் பூசிட்டேன். நான் வெள்ளையாயிட்டேன் பாரு. எல்லா ஆன்ட்டியும் வந்து என்னைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாங்க!"

முண்டியடிக்கவில்லை யாரும். முறை வைத்து ஒவ்வொருவராகக் குனிந்தார்கள். டீச்சர் குட்டியின் தோளிலிருந்து முழங்கை வரை இரண்டு விரலால் வழித்தார். வழித்த இடத்தில் செக்கச்செவேலென்று வெந்த தோல் கோடாகத் தெரிந்தது. விரலில் வந்ததைத் தன் கன்னத்தில் வைத்துக் குழைத்தார். குழைக்கும்போது அவர் கண்கள் நிம்மதியாக மூடின. பேங்க் அம்மா முதுகில் வழித்தார். இன்னொருத்தி கழுத்து மடிப்பில். கூச்சம் தாங்காமல் குட்டி நெளிந்து சிரித்தாள்.

விடுங்கடி என்று கத்தினாள். பாய்ந்து உள்ளே போகப் பார்த்தாள். தோள்கள். முதுகுகள். நனைந்த துணி. ஒன்றும் நகரவில்லை. யாரோ ஒருத்தி அவள் கையைப் பிடித்து, சிநேகமாக, ஓரமாக நிறுத்தினாள். "கொஞ்சம் இருங்கக்கா. இதோ முடிஞ்சிடும்."

கல்யாணப் பொண்ணின் முறை வந்தது. குட்டியின் கைகளிலும் முதுகிலும் அவளுக்கு ஒன்றும் மிச்சமில்லை. நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டு, குட்டியின் தாடையை ஒற்றை விரலால் தூக்கினாள்.

"கண்ணை மூடிக்கோடா தங்கம்," என்றாள் கொஞ்சலாக. "இமையில கொஞ்சம் இருக்கு."

குட்டி சமர்த்தாகக் கண்ணை மூடி, முகத்தை நிமிர்த்திக் காட்டினாள்.